பதினேழு சதவீதம்

காலை ஆறே முக்காலுக்கு
பழையதும் சுட்ட அப்பளமும் தின்ற பிறகு
அரை டம்ளர் தண்ணீரோடு ஒன்று.
காப்பி அப்புறம்தான், அதுவும் ஒரே டம்ளர்.
இரண்டாவது டம்ளரை விட்டு ஏழு மாதம்.
மாத்திரையைவிட
அதுதான் கசப்பு.

குடமுருட்டிக் கரையில்
நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறேன்.
சாக்குக்கு நாற்பது கிலோ,
ஈரம் பதினேழுக்குள்,
சிட்டா நகல், வங்கிக் கணக்கு எண்.
முப்பத்திரண்டு வயதுவரை
ஏழாவது இலக்கத்தில் மடை உடைந்துவிடும்.
ஒரு கொக்கு, லாரி ஹாரன்,
வாங்கி வரச் சொன்ன கடுகு,
போன வருஷம் அறுந்த செருப்பு
எல்லாம் ஒரே வாய்க்காலில்.
'கவனமில்லாத கழுதை' என்று
பள்ளிக்கூடம் வைத்ததை
ரொம்ப நாள் என் பெயராகவே வைத்திருந்தேன்.

தஞ்சாவூரில் டாக்டர் மெஹருன்னிசா
இரண்டு மணி நேரம் கேட்டார்.
இதயம் கிறுக்கிய தாளைப் பார்த்தார்.
குடும்பத்தில் யாராவது
சின்ன வயதில் திடீரென்று போனார்களா?
ஒரு தாய்மாமன், குளத்தில், என்றேன்.
குளத்திலா, நெஞ்சிலா?
எனக்குத் தெரியாது என்பதே
அப்போதுதான் தெரிந்தது.
ஊருக்குப் போய் விசாரித்து வந்து
குளம்தான், வலிப்பு இல்லை, கால் வழுக்கியது
என்று சொன்ன பிறகே சீட்டு எழுதினார்,
இருப்பதிலேயே சின்ன அளவில்.
மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம், எடை, தூக்கம்.
மருந்துக்கடை ஜெபமாலை
சீட்டின் நகலைக் கோப்பில் குத்திவிட்டு
முப்பதை எண்ணித் தருவார்,
நகைக்கடைக்காரர் மாதிரி.

ஒன்றை மறைக்கக் கூடாது.
ஐப்பசி பிறந்த வாரம்
வரிசையில் எண்பது டிராக்டர்.
போதாது என்று மதியம் இரண்டு மணிக்கு
இன்னொன்று போட்டேன்.
கை பறந்தது. எழுத்து முத்து முத்தாக வந்தது.
முத்து முத்தாக, ஒரே ஆளுக்கு
இரண்டு பட்டியல்.
ராத்திரி மூன்று மணிக்கு
கதிரடிக்கும் எந்திரம் நெஞ்சுக்குள் ஓடியது.
விடிந்ததும் போன் செய்தேன்.
திட்டுவார் என்றிருந்தேன்.
'எத்தனை மணிக்குப் போட்டீங்க,
இப்ப மூச்சு எப்படி இருக்கு?'
முதல் பஸ்ஸில் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் மழை.
காவலுக்கு இருக்கும் உத்திராபதி
ஐந்து ராத்திரியாகத் தூங்கவில்லை.
வெட்டவெளியில் நானூறு மூட்டை.
'அந்த மாத்திரைல ஒண்ணு குடும்மா,
விடியிற வரைக்கும் முழிச்சிக் கிடப்பேன்.'
டிபன் பாக்ஸ் மூடியில்
நான் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார்.
செவ்வாய்தோறும் சுகாதார நிலையத்தில்
அவர் வாங்கும் பிரஷர் மாத்திரையை
நானும் பார்த்திருக்கிறேன்.
தரமாட்டேன் என்றேன்.
ஒரு மாத்திரைக்கு இவ்வளவு கஞ்சமா என்றார்.
'மீட்டர் வேணாம், பல்லுல கடிச்சிட்டேன்,
காஞ்ச நெல்லுதான்னு ஒருத்தர் நின்னாரே,
அவருட்ட என்ன சொன்னீங்க?'
'பல்லு உன்னுது, ஊறப்போற மூட்டை என்னுதுன்னேன்.'
'மாத்திரை என்னுது, நெஞ்சு உங்களுது.'
அவர் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மணிவரை நான் பார்க்கிறேன்,
படுங்கள் என்றேன்.
சாக்குமேல் சாய்ந்த மனிதர்
குறட்டை விட அரை நிமிஷம் ஆகவில்லை.
மருந்து எப்போதோ வடிந்துவிட்டிருந்தது.
தலை பழையபடி
எல்லாப் பக்கமும் கேட்டது:
தவளை, தூரத்து மோட்டார்,
தார்ப்பாயின் மேற்கு மூலையில்
கயிறு அவிழ்ந்து படபடக்கும் சத்தம்.
ஓடிப்போய்க் கட்டினேன்.
கட்டிய இடத்திலேயே
குடையை மறந்து வந்தேன்.

மறுநாள் மாத்திரைகளை
டிபன் பாக்ஸிலிருந்து எடுத்து எண்ணினேன்.
பதினொன்று. சரி.
வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
இன்று காலை ஆறே முக்காலுக்கு
பழையது தின்றாகிவிட்டது,
தண்ணீர் தயார்,
சாவியைத்தான்
தேடிக்கொண்டிருக்கிறேன்.