ஏழாம் தூண்

மல்லாவி ஆஸ்பத்திரியில்
என் கிளினிக் கொப்பியை விரித்து
இருநூற்றுப் பதினான்கு என்று எழுதிய தாதி
நிமிர்ந்து பார்க்கவில்லை.
"நடக்கிறனீங்களோ?"
நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறேன் என்றேன்,
கதிரைதான் என் வயல்.
"எவ்வளவு தூரம் ஏலும்?"
மனதுக்குள் வவுனிக்குளத்துக் கட்டை
ஒரு முறை சுற்றிவிட்டு
நாளைக்கே நாலு மைல் என்றேன்.
சிரித்தாள்.
"உங்கட ஒழுங்கையில லைற் போஸ்ற் இருக்குத்தானே,
முதலாவது மட்டும் போங்கோ.
தொட்டிட்டு வாங்கோ."

படலையிலிருந்து அறுபத்திரண்டு எட்டு.
வெட்கமாயிருந்தது.
எதையோ தொலைத்தவள்போல நிலத்தைப் பார்த்தபடி போனேன்.
கறுப்பு மையில் எண் எழுதிய கொங்கிறீற்றுத் தூண்
உள்ளங்கையில் குளிர்ந்தது.
திரும்பி வந்து தேத்தண்ணி ஊற்றும்போது
சீனிப் போத்தலை ஒளிக்கவில்லை,
கரண்டியை மட்டும் மாற்றினேன்.
எப்போதோ இருமல் பாணியோடு வந்த
சின்னப் பிளாஸ்ரிக் கரண்டி.

அந்தக் கிழமை முழுக்க ஒரு தூண்.
அடுத்த கிழமை இரண்டு.
மூன்றாவதில் ஒரு சிவலை நாய் இருந்தது,
அதனால் மூன்றாவது
மூன்று கிழமை எடுத்தது.

மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது,
நடை முதல்நாள் இரவிலேயே தொடங்குகிறது.
படுக்கமுன் செருப்பை வாசலில் வைப்பேன்
முன்பக்கம் தெருவைப் பார்க்க.
போத்தலில் தண்ணி நிரப்பி
பயறை ஊறப்போட்டு மூடி
நாய்க்கென்று ஒரு துண்டுப் பாண் எடுத்துவைத்து
விடியப் போடும் சட்டையைக் கதிரையில் விரித்துவிடுவேன்.
எழும்பும்போது
யோசிக்க ஒன்றும் மிஞ்சக்கூடாது.
யோசித்தால் படுத்துவிடுவேன்.
எனக்கு என்னைத் தெரியும்.

இதே கைதான்
முன்னொரு காலம் இரவுகளில் அடுக்கியது:
பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை,
அரைக்கிலோ மா, மாற்றுத் துணி ஒன்று.
பொலித்தீன் பையில் முடிந்து
தலைமாட்டில் வைத்தால்தான் கண்ணயரும்.
அந்த ஆயத்தத்துக்கு ஒரு திசைதான் இருந்தது.
எத்தனை எட்டு வைத்தோமென்று
ஒருவரும் எண்ணவில்லை.

ஒருநாள் இரவு
செருப்பை வைத்துவிட்டு
அதன் முன்னாலேயே நெடுநேரம் குந்தியிருந்தேன்.
பிறகு எழும்பி
திரும்பி வந்ததும் முகம் துடைக்க
ஒரு துவாயைக் கொடியில் போட்டேன்.

மாரி வந்தது.
ஒழுங்கை வாய்க்காலாகி
நாலு நாள் ஒரு தூணுமில்லை.
ஐந்தாம் நாள் பாலிநகரில் செத்தவீடு.
ஆறாம் நாள் சும்மா.
மழைக்கும் சாவுக்கும் கணக்குப் புத்தகத்தில் இடமுண்டு,
சும்மாவை எந்த நிரலில் எழுதுவது?
அடுத்த விடிய
விட்ட இடமான ஐந்துக்குப் போகவில்லை,
முதலாவதுக்கே போனேன்.
தொட்டேன்.
"வந்திட்டன்" என்று சொன்னதை
ஈரத்தில் குந்தியிருந்த ஒரு கொக்கு கேட்டது.

"மெலிஞ்சிட்டீங்களோ அக்கா?"
மூட்டை ஏற்றும் தர்சீபன் கேட்டான்.
இல்லையடா,
என்ர சீனிக் கரண்டிதான் மெலிஞ்சது.

இந்தமுறை கொப்பியில் நூற்று எழுபத்தொன்று.
எழுதியது வேறொரு தாதி,
அவளுக்கு என் தூண்களைத் தெரியாது.
சொல்லத் தொடங்கி
பின்னால் வரிசை நீளமாயிருக்க
எழும்பி வந்துவிட்டேன்.

சிவலை இப்போது ஆறாவது வரைக்கும் கூட வருகிறது,
ஏழாவதுக்கு வராது.
ஏழாம் தூணில் விளக்கு எரிவதில்லை.
அதற்கப்பால் ஒழுங்கை வயலுக்குள் இறங்கும்,
குளம் வான் பாயும் சத்தம்
அங்கே நின்றால் கேட்குமாம்.

இன்று கடையடைக்க முன் ஓடிப்போய்
ரோச்லைற்றுக்கு
இரண்டு பற்றரி வாங்கிவந்தேன்.
செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.