யாரும் றம்புட்டான் கொண்டுவராத வேலை

எட்டாம் கட்டில்காரர் எழும்பி வீட்டுக்குப் போனார்.
ஒன்பதாம் கட்டில் பையன் போகவில்லை.
ஒரே கிழமை, ஒரே காய்ச்சல்,
ஒரே பெட்டி உடைத்து எடுத்த சேலைன்.
இருவருக்கும் ஊசி ஏற்றியது இந்தக் கைதான்.
குருதிச் சிறுதட்டுகள் இருவருக்கும்
ஒரே படிக்கட்டில் இறங்கின:
எண்பதாயிரம், நாற்பது, பத்தொன்பது.
பிறகு ஒருவருக்கு மட்டும் திரும்பி ஏறின.

மூன்று கிழமை கழித்து
கிராண்ட்பாஸிலிருந்து தன் ஓட்டோவிலேயே வந்தார் மர்சூக்.
கையில் ஒரு பை மல்வானை றம்புட்டான்.
"எல்லாம் டொக்டர்ட கைராசி" என்றார்.
வார்ட்டு வாசலில் நின்று வாங்கிக்கொண்டேன்.
கைராசி.
ஐந்து வருடம் படித்து ஒரு வருடம் நித்திரை முழித்தும்
என்னிடம் அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

பையனின் தாய் ஒன்றுமே கேட்கவில்லை.
அவனுடைய செருப்பைப் போட
ஒரு சொப்பிங் பை இருக்குமா என்றார், அவ்வளவுதான்.
தேடினேன்.
அதைத் தேடிய வேகத்தில்
வேறெதையும் நான் அந்த வருடம் தேடியதில்லை.

வெள்ளிக்கிழமை கடைசித் திகதி.
விண்ணப்பத்தில் இரண்டு பெட்டி.
முதலாவதில் புள்ளடி இட்டால்
ஏழெட்டு வருடத்தில் ஏதோ ஒரு கதவில் என் பெயர்,
பின்னேரம் ஐந்து மணி தொட்டுச் சனலிங்,
ஆளுக்கு ஏழு நிமிடம்.
இரண்டாவதில் இட்டால்
பொரளையில் ஓர் ஆய்வுகூடம்,
நிதி உள்ளவரை சம்பளம்.

தெஹிவளையில் என்னோடு அறை பங்குபோடும் ஜெயகௌரி
வங்கிக்காரி. பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.
"வாடகையை நான் பார்க்கிறன், சரி.
தம்பிக்கு எடுத்த லோன்?"
மறுமொழிக்குப் பதிலாக அரிசி களைந்தேன்.
மூன்று தரம் களைந்தேன்.

நேற்று அந்த ஆய்வுகூடத்தைப் போய்ப் பார்த்தேன்.
லக்மாலிக்கு என் வயதுதான்.
வெள்ளைத் தட்டில் நெளியும் நுளம்புக் குடம்பிகளைச்
சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாய் உறிஞ்சி
எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண் தவறினால் முதலிலிருந்து.
அவளுடைய அரைத் தமிழும் என் அரைச் சிங்களமும் சேர்த்து
முழுதாக ஒரு கதை சொன்னாள்:
மின்வெட்டு வருடம், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
மூன்று வருடத்து மாதிரிகள் ஒரே இரவில் உருகின.
"அழுதீங்களா?"
"இல்லை. சோற்றுப் பார்சலைப் பிரிச்சேன்.
பருப்பும் பழுதாகி இருந்தது.
அதுக்குத்தான் அழுதேன்."

பிறகு புதிய குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டினாள்.
வெண்புகை முழங்கால்வரை இறங்கியது.
சுண்டுவிரல் நீளக் குழாய்கள், நூற்றுக்கணக்கில்.
பெயர் எழுதக்கூடாது என்பது விதி:
இலக்கம், வார்ட்டு, திகதி மட்டும்.
இருநூற்றுப் பதினெட்டில் என் கையெழுத்து.
நாலைச் சாய்த்து எழுதுவது நான்தான்.
திகதியும் அந்தத் திகதிதான்.
பெயர் எனக்குத் தெரியும்.
லக்மாலியிடம் சொல்லவில்லை, இங்கும் சொல்லமாட்டேன்.
மர்சூக் போய்விட்டார். தாய் போய்விட்டார்.
ஏன் என்று இனிக் கேட்பதானால்
இவனிடம்தான் கேட்கவேண்டும்.
இவன் மட்டும்தான் இன்னும் வார்ட்டை விட்டுப் போகாதவன்,
கழித்தல் எண்பது பாகையில்,
கேள்வி வரும்வரை.

வரும் வழியில் 154-இல் இருக்கை கிடைத்தது.
பையின் அடியில் கடைசி றம்புட்டான்,
மயிரெல்லாம் கறுத்து. பல்லால் கீறினேன்.
எத்தனையோ வருடம் கழித்து
ஒன்பதாம் கட்டிலிலிருந்து ஒருவன் எழும்பி வீட்டுக்குப் போவான்.
பழப்பையோடு திரும்பி வருவான்.
வாசலில் நிற்கும் டொக்டரிடம் கைராசி என்பான்.
அவர் வாங்கிக்கொள்வார்; வாங்கட்டும்.
எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

பம்பலப்பிட்டியில் கண்டக்டர் மீதிக் காசு தந்தார், பத்து ரூபாய் குறைவாக.
விண்ணப்பம் மடியில், இரண்டு பெட்டியும் வெறுமையாக.
சதையோடு உரிந்து வந்த கொட்டைத் தோலை
நாக்கால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வெள்ளவத்தை தாண்டியும்.