இடது கால்

டண்டினோங், லோன்ஸ்டேல் வீதி விற்பனைக் கூடத்தில்
ஒரே முகத்தோடு இரண்டு கார்கள்.
ஒன்றுக்கு மூன்று மிதிகள், மற்றதற்கு இரண்டு.

ஆட்டோமேட்டிக் சிவப்பு. இன்றைக்கே எடுத்துப் போகலாம்.
கியர் வண்டி சாம்பல்;
அதுவும் யாரோ பதிந்துவிட்டு வேண்டாமென்று விட்டது.

விற்பனையாளர் ஸ்டாவ்ரோஸ் நல்ல மனிதர்.
"நூறு கிலோமீட்டரை ஆட்டோ அரை நொடி முன்னால் தொடும்" என்கிறார்,
அந்த அரை நொடியை
என் உள்ளங்கையில் வைத்துத் தருபவர் போல.
நகம் வெட்டக்கூடக் காணாது அது.

சுகிர்தன் கணக்கோடு வந்திருக்கிறார்:
மொனாஷ் நெடுஞ்சாலை, போக நாற்பது நிமிடம், வர ஐம்பது,
நாளைக்கு முன்னூறு தடவை கிளட்ச்,
போன வருடம் ஸ்கான் எடுத்த இடது முழங்கால்.
"உமக்கென்ன விசரா?" என்று வாய் கேட்கவில்லை.
புருவம் கேட்டது.

முதலில் சிவப்பை ஓட்டினேன்.
பழி சொல்லக்கூடாது. வெண்ணெய்.
நான் நினைக்கும் முன்பே அது நினைத்துவிடுகிறது.
வளைவு வருமுன் இறங்கி, நேரானதும் ஏறி,
எட்டுக் கியரும் எப்போது மாறின என்று
எனக்குச் சொல்லவேயில்லை.
ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சின்ன இறக்கைகள்;
ஆசைப்பட்டால் நானும் மாற்றலாமாம்,
சமைத்து முடித்தபின்
உப்புப் பார்க்கக் கூப்பிடுவதுபோல.

பிறகு சாம்பல்.
பிரின்சஸ் நெடுஞ்சாலையில் பச்சை விழுந்ததும்
எஞ்சின் ஒரு தும்மல் தும்மிச் செத்தது.
பின்னால் லொறி கத்தியது.
ஸ்டாவ்ரோஸ் தன் கைக்கடிகாரத்தை ஆராய்ந்தார்.
எனக்குக் காதுவரை சூடு.
மறுபடி உசுப்பி, கிளட்சை நூல் நூலாய் விட,
எங்கோ ஓரிடத்தில் பிடித்தது.

அந்த இடத்தை எனக்குத் தெரியும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடம்.
இரவு முழுதும் இயந்திரம் மூச்சு விடும்,
நிமிடத்துக்குப் பதினாலு.
ஆளை ஸ்கானுக்குத் தள்ளிக்கொண்டு போகையில் சில நேரம்
குழாயைக் கழற்றிப்
பையைக் கையால் அமுக்குவோம்.
அமுக்க அமுக்க, நெஞ்சு
திருப்பி ஒரு தள்ளுத் தள்ளும்:
இவ்வளவு போதும், இன்னும் கொஞ்சம், பொறு.
திரையில் வராத எண் அது.
விரலுக்கு மட்டும் வரும்.

இதை ஸ்டாவ்ரோஸிடம் எப்படிச் சொல்ல?
"இது எனக்குப் பதில் சொல்கிறது" என்றேன்.
அவர் பத்திரத்தை எடுத்தார்.

இயந்திரத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.
விடியற்காலை நாலு மணிக்கு அது பிசகாது, நான்தான் பிசகுவேன்.
மூன்றிலிருந்து நாலுக்குப் போகவேண்டியவள்
இரண்டில் விழுந்து எஞ்சினை அலறவைப்பேன்.
அலறட்டும்.
என் கை வைத்த பிழை.

ஒப்பமிடும்போது இன்னொன்றும் தோன்றியது,
கொஞ்சம் கள்ளச் சிரிப்போடு:
சுகிர்தனுக்குக் கியர் வண்டி ஓடத் தெரியாது.
மகன் ஆருரனும் ஆட்டோவில்தான் பழகுகிறான்.
எங்கள் வீட்டில்
சார்ஜர் பொது, துவாய் பொது, என் தட்டில் இருக்கும் பொரியலும் பொது.
இந்தச் சாவியை
ஒருவரும் கேட்கப்போவதில்லை.

ஞாயிறு விடிய, தனியே, மலைப் பாதை.
பெரணிகளுக்கிடையே பனி புகைந்தது.
கொண்டைஊசி வளைவில் மூன்றை இரண்டாக்கினேன்.
ஒரு சின்ன முனகல், பிறகு இழுத்தது.
யாருக்கும் சொல்லவில்லை.

திங்கள்.
மொனாஷ் முழுக்கச் சிவப்பு விளக்கு.
ஒன்று, நியூட்ரல், ஒன்று, இரண்டு, நியூட்ரல்.
நாற்பது நிமிடம் எழுபதாயிற்று.
முழங்கால் தன் பாஷையில் ஏசியது.
ஸ்பீக்கரில் சுகிர்தன்: "கால் நோகுதோ?"

"இல்லையே" என்றேன்,
கிளட்சை மிதித்தபடி,
பொய்யை மெதுவாய்,
குலுங்காமல் விட்டு.