மூணாம் அடுக்கு

ஊறப்போட்ட வெள்ளை நாரை
கொதியில் போட்டால்
முதலில் கொஞ்சம் பிடிவாதம்.
பிறகு ஒரு நேரம் பார்த்தால் காணோம்,
வெறும் தண்ணீர்தான் தளதளக்கும்.
கடல்பாசி அப்படித்தான்,
கரைந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும்.

"வடிகட்டுனீங்களா?"
சுளகை மடியில் வைத்துக்கொண்டு
மீராள் கேட்டாள், தலை நிமிராமல்.
சாயங்காலத்துக்குள் கடைக்கு ஆயிரம் போடணும்,
அறுநூறு முடிந்திருந்தது.

அவள் இதைத் தொடமாட்டாள்.
பால் சட்டென்று புகையிலை வாசம் பிடித்துக்கொள்ளும்.
சோப்பு, எலுமிச்சைத் தோல், சீயக்காய்
எதற்கும் அசையாத வாசம் அது.
பதினாலு வருசம் தம்மாமிலிருந்து
வெள்ளிக்கிழமை தவறாமல் பேசியிருக்கிறேன்,
போனில் ஒருநாளும் வந்ததில்லை.
கம்பெனி மூடி ஊர் வந்த முதல் நோம்பு இது.
ஆக, அடுப்பு என்னுடையது.

முதல் அடுக்கு ரோஸ் சர்பத்.
நோம்பு வாய், சீனி பார்க்க முடியாது.
"அஞ்சு கரண்டி" என்றாள்,
"தலைதட்டி."
தலைதட்டியே போட்டேன்.

மேலப்பாளையத்துப் பங்குனி வெயிலில்
எதுவும் லேசில் உறையாது.
கரண்டும் இல்லை.
ட்ரேயை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டு
பக்கத்தில் குந்தியிருந்தேன்.
விரல் வைத்தால் ஒட்டணும்,
விரலோடு எழும்பி வரக்கூடாது.
அந்த நிமிசம்தான் அடுத்ததை ஊற்றும் நிமிசம்.
முந்தினால் சிவப்பும் வெள்ளையும் கலங்கி
பள்ளிக்கூட ஆண்டுவிழா சாமியானா நிறத்தில் நிற்கும்.
பிந்தினால் ஒன்றின்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும்,
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் மாதிரி.

பால் அடுக்கைச் சரியாகப் பிடித்தேன்.
ஏலக்காய் போட்டு, ஆடை எடுத்து,
கரண்டியின் முதுகில் விட்டு மெல்ல இறக்கினேன்.
கோடு போட்டதுபோல் நின்றது.
கூப்பிட்டுக் காட்டலாமென்று திரும்பினேன்,
எழுநூற்றி இருபதில் இருந்தாள்.

மூணாவது, இளநீரும் சப்ஜா விதையும்.
இளஞ்சூட்டில் காத்திருந்தபோது போன் அடித்தது.
மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன்.
ஏஜெண்ட் பஷீர்.
ரியாத், ஆஸ்பத்திரி கேன்டீன், சாப்பாடு அவர்களே,
புதனுக்குள் பாஸ்போர்ட் வேணும்.
கீழே வாய்க்காலில் யாரோ எருமையைக் குளிப்பாட்டினார்கள்.
சரி என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை,
இருபது நிமிசம் சொல்லவில்லை.

இறங்கி வந்து விரல் வைத்தேன்.
பளிங்கு.
முள்கரண்டியால் அங்கங்கே கீறிவிட்டு
மேலே ஊற்றினேன்.
போன் யாரென்று அவள் கேட்கவில்லை.
எண்ணும்போது மீராள் பேசமாட்டாள்.

அஞ்சரைக்குக் குளித்து வந்தவள்
கத்தியை வாங்கிக்கொண்டாள்.
ஸ்கேலும் இல்லை நூலும் இல்லை,
தகடு வைத்து இலை வெட்டிப் பழகிய கண்.
அஞ்சு நீளம், அஞ்சு குறுக்கு,
ஒன்றுக்கொன்று முடி அளவு பிசகில்லை.
"இருபத்தஞ்சு. ஒரு கட்டு" என்றாள்.

முதல் துண்டை எடுத்த சுமையா சிரித்துவிட்டாள்.
"வாப்பா, மேலே உள்ளது தனியா வருது!"
இளநீர் அடுக்கு தட்டில் வழுக்கிப் போய்
கண்ணாடிச் சில்லாகக் கிடந்தது.
ஜொகரா வீட்டுக்குப் போகும் தட்டில்
கழன்றதையெல்லாம் திரும்ப ஏற்றி வைத்தாள் மீராள்.
பார்த்தால் தெரியாது.
எடுத்தால்தான் தெரியும்.

பள்ளியில் நகரா அடித்தது.
பேரீச்சை, கஞ்சி, வடை.
கடைசியில் அவள் ஒரு துண்டை எடுத்து
மேல் அடுக்கை மட்டும் முதலில் தின்றாள்.
பிறகு வெள்ளை.
சிவப்பைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தாள்.

"சீனி கம்மி."

"அஞ்சு கரண்டிதான் போட்டேன்."

"எத்தனை வருசமாம்?"

கரண்ட் வந்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.
"ரெண்டு" என்றேன்.

தட்டில் இன்னும் பதினொண்ணு இருந்தது.
விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோய்
மோந்து பார்த்துக்கொண்டாள்.

"ஃப்ரிட்ஜில வைங்க" என்றாள்.
"சஹருக்கு ஆகும்."