எந்த மாதம் நல்லது

தடாவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால்
பீமுலவாரிபாளையம் படகுத்துறை.
வருவது சுலபம் சார்.
எந்த மாதம் என்று கேட்கிறீர்கள் பாருங்கள்,
அதற்குத்தான் நேரமாகும்.
லைனில் இருங்கள்,
இந்த நண்டை எடை போட்டு அனுப்பிவிடுகிறேன்.

ஆங், சொல்லுங்கள்.
வடக்கேதான். மூன்று நாள்.
முதல் பகல் ஏரியில்,
ராயதொருவு முகத்துவாரம் திறந்திருந்தால் கடலில்,
பிறகு கரையைக் கண்ணில் வைத்தபடியே
துகராசப்பட்டினம் விளக்கு வரைக்கும்.
பதினோரு பேர் உட்காரலாம்.
வாந்தி எடுக்காதவர்கள் என்றால் பதினான்கு.

ஐப்பசியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.
போன புயலில் எங்கள் துறையின் பெயர்ப்பலகை
தனியாகக் கிளம்பிப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தது,
டிக்கெட் எடுக்காமல்.

தையில் பூநாரை வரும்.
பூநாரையைவிட அதிகமாகக் கேமரா வரும்.
ஆனால் வாடை எதிரே நிற்குமே.
வடக்கே போகிற படகுக்கு வாடை,
வாசலை மறித்து நின்றுகொண்டு
'வாங்க வாங்க' என்கிற சொந்தக்காரி.
டீசல் இரண்டு பங்கு. அதையும் உங்கள் பில்லில்தான் போடுவோம்.

சித்திரை பிறந்ததும் தடைக்காலம், அறுபத்தோரு நாள்.
மீனே பிடிக்கவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள்.
ஸ்டேஷனில் யார் கேட்பது?

ஆனியில் ஏரி முழங்காலுக்கு இறங்கிவிடும்.
ஒரு தடவை, பணம் கட்டியவர்களே
சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளினார்கள்.
'மறக்க முடியாத அனுபவம்' என்று
நோட்டில் எழுதிவிட்டும் போனார்கள்.

இதெல்லாம் போக,
ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில்
கடலுக்குக் கதவு சாத்திவிடுவார்கள்.
அது எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்காது.

மிச்சம் மாசி.

மாசியில் காற்று புரண்டு படுக்கும்,
தென்னல் மெல்லப் பின்னாலிருந்து தள்ளும்,
தண்ணீர் இருக்கும், பறவையும் கொஞ்சம் இருக்கும்.
நானே போகவேண்டும் என்று வைத்திருந்த மாதம்.
ஆறு வருடமாக டிக்கெட் கிழிக்கிறேன் சார்,
விளக்கைப் பார்த்ததில்லை.

படகோட்டும் கோட்டய்யாதான் சொன்னார்:
'மாகமாசத்தில் உன்னைக் கூட்டிப் போகிறேன்,
உனக்கு டிக்கெட் கிடையாது.'
மாகம் என்றால் மாசி, எனக்குத் தெரியாதா?
மாசி பிறக்கட்டும் என்று இருந்தேன்.
காசு சேர்த்து ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன்.
அவர் தினம் காலையில் என்ஜினை ஓட்டிப் பார்ப்பார்,
என்னை ஒரு பார்வை பார்ப்பார்,
அணைத்துவிடுவார்.
ஒன்றும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மாசி இருபத்திரண்டு,
புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து நின்றேன்.
வலையில் சிக்கிய முள்ளை எடுத்துக்கொண்டே
நிமிராமல் சொன்னார்:
'அயிப்போயிந்தி.
போன வியாழக்கிழமை அமாவாசையோடு
மாகம் முடிந்தது, பூங்காவனம்.'
படகு வேநாட்டுக்காரரிடம் வாடகைக்குப் போயிருந்தது.

ஒரே சுவர், இரண்டு காலண்டர்.
தெலுங்குக்காரருக்கு மாதம் நிலாவில் பிறக்கிறது,
நமக்குச் சூரியனில்.
நடுவே அவர் பதினைந்து நாள் காத்திருந்திருக்கிறார்,
எனக்கு முன்னால்.
புளிசாதத்தை மட்டும் இருவரும் சாப்பிட்டோம்.

அதனால் இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான்
எதையும் சொல்கிறேன்.
வருகிற வருடம் மாகமும் மாசியும்
ஒன்றாக இருக்கப்போவது ஐந்தே நாள்.
ஆமாம் சார், அதுதான் நல்ல நாள்.
இல்லை சார், தர முடியாது,
மூன்று நாள் புக் ஆகிவிட்டது.
யார் பெயரில் என்றெல்லாம் சொல்வதில்லை.

நீங்கள் பங்குனியில் வாருங்கள்.
தொப்பி கொண்டுவாருங்கள்.