நாடிப்பட்டி

காலை ஆறே முக்கால். சீனக்குடா, மா ஆலை வாசல்.
ஒவ்வொரு ஹெல்மெட்டின் கீழும்
இரண்டு விரல் விட்டுப் பார்ப்பேன்.
நாடிப்பட்டி தளர்ந்திருந்தால் இருநூறு ரூபா.
மஞ்சள் கோட்டுக்கு அப்பால் சப்பாத்து நுனி, இருநூறு.
சட்டைப் பையில் பேனை, இருநூறு.
மகள் பிறந்த செய்தி கேட்க
ஏணியடியில் போனை எடுத்த மஹ்ரூப்புக்கும் இருநூறு.
துண்டை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான்
கை குலுக்கினேன்.

சின்னதை விட்டால் பெரியது வரும்:
சுவரில் நானே ஒட்டிய வாசகம்.
ஏழு மாதத்தில் பட்டிகள் எல்லாம் இறுகின.
விபத்துக் கோடு
இறக்கத்தில் விட்ட சைக்கிள் போல இறங்கிற்று.
கொழும்பிலிருந்து கேடயம் வந்தது.
நாடியைத் தொட்டவன்
நாடி பிடித்துப் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மழைக்குள் ஓர் இரவு
நான்காம் கொன்வேயரின் பெயரிங் சிவந்தது.
தூசுக் குழாய்க்குள் நெருப்பு ஒரேயொரு தரம் இருமியது.
கூரைத் தகடொன்று கடலுக்குப் போயிற்று.
றொசைரோவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்தன.
ஹெல்மெட் தலையிலேயே இருந்தது,
பட்டி சரியான இறுக்கம்.
மேலிருந்து விழுந்த இரும்பு அதில்தான் பட்டுத் தெறித்தது.
அதையும் எழுதவேண்டும். எழுதினேன்.

விசாரணையில் மூன்று பேர் சொன்னார்கள்,
அந்தப் பெயரிங் பத்து நாளாய்க் கீச்சிட்டதாம்.
ஏன் ஒருவரும் சொல்லவில்லை?
புஷ்பகாந்தன் தன் சப்பாத்தைப் பார்த்தபடி சொன்னான்:
"கிட்டப் போய்க் கேக்கிறதெண்டால்
மஞ்சள் கோட்டைத் தாண்டவேணும், சேர்."

யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகையில்
பஸ் நிலையத்தடியில் புள்ளிமான்கள்
தெருவின் நடுவே படுத்து அசைபோட்டன.
ஒரு பொலிஸ்காரர் அவற்றைச் சுற்றிப் போய்
பக்கக் கண்ணாடி இல்லாத மோட்டார் சைக்கிளை மறித்தார்.
அவர்மீது கோபம் வரும் என்று பார்த்தேன்.
வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

இப்போதும் இரண்டு விரல் விடுகிறேன்.
விட்டபடியே கேட்கிறேன்:
ராத்திரி என்ன சத்தம் கேட்டது?
முதல் கிழமை முழுக்க, "ஒண்டுமில்லை சேர்."
அடுத்த கிழமையும்.
இதற்குள் மூன்று பட்டிகள் மறுபடி தளர்ந்துவிட்டன.
எனக்கு அது பிடிக்கவில்லை;
துண்டுப் புத்தகம் பைக்குள் கனக்கிறது.

இன்று மஹ்ரூப் வரிசையை விட்டு விலகி நின்றான்.
எல்லாரும் உள்ளே போகும்வரை காத்திருந்தான்.
பிறகு, தொண்டையைச் செருமி,
தான் எந்தக் கோட்டைத் தாண்டி நின்று கேட்டானென்றும்
சேர்த்தே சொன்னான்.

தண்டத் துண்டொன்றைக் கிழித்து
பின்பக்க வெள்ளையில் எழுதினேன்:
இரண்டாம் மாடி. இடப்பக்கம்.
நாய் உறுமுவது போல.