பாத்திரங்கள்

மாவட்ட நாடகப் போட்டிக்கு
போரில் வீடிழந்த பிள்ளையைப் பற்றிப்
பதினைந்து நிமிடம் எழுதியிருந்தேன்.
'ஐயகோ' மட்டும் ஒன்பது இடத்தில்.

சுங்கை சுமுன் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில்
ஒரு காற்றாடிதான் சுற்றும்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
வசனத்தின் மேல் ஏறி இறங்கிப் போகும்.

பிள்ளையாகத் தர்ஷாயினி.
நீள முடி, வெளுத்த முகம்,
அழுதால் கன்னத்தில் நீர் தெரியும்.
இந்தக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.
தேர்ந்தெடுத்த பிறகுதான் எனக்கே அது கேட்டது.

சிப்பாய் யார் என்றேன்.
இருபத்திரண்டு தலைகளும்
கடைசி வரிசை யுகேந்திரன் பக்கம் திரும்பின,
கறுத்தவன்.
நானும் திரும்பினேன்.
அவன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

ஊர்த் தலைவர், மளிகைக்கடை ஜுன் ஹாவ்.
எங்கள் எல்லாரையும்விட
அவன் நாக்கில்தான் ழகரம் நிற்கும்.
"சீனப் பையன் எப்படித் தமிழ் ஊருக்குத் தலைவர்?"
என்றார் பெற்றோர் சங்கப் பொருளாளர்.
அவன் அப்பாவிடம் அரிசி கடன் வாங்கும்போது
இதைக் கேட்டாரா தெரியவில்லை.

ஒத்திகைக்குத் தினமும் வருவாள் சாம்பவி.
பள்ளிப் பதிவேட்டில் அவள் இல்லை.
முல்லைத்தீவிலிருந்து வந்து
இங்கே டயர் ஒட்டுகிற அப்பாவின் சட்டைப்பையில்
பிளாஸ்டிக் சுற்றிய ஐ.நா. அட்டையில் இருக்கிறாள்.

அந்த யோசனை வந்தபோது
வெட்கமில்லாமல் உடம்பு சிலிர்த்தது எனக்கு.
உண்மையான பிள்ளை! நடுவர்கள் என்ன ஆவார்கள்!
கேட்டேன்.
"அது ஒருக்கா செய்திட்டன் டீச்சர்.
வேற ஏதும் தாங்கோ."

பிறகு தர்ஷாயினி ஓடுவதைப் பார்த்து:
"ஓடேக்க நாங்கள் கத்தேல்லை.
வாயைப் பொத்திக்கொண்டுதான்."

ஒன்பது ஐயகோவையும் அன்றிரவு அடித்தேன்.
நாடகம் பதினொரு நிமிடம் ஆனது.

மறுநாள் அவளே கேட்டாள்:
"உடன வெளிக்கிடச் சொன்னா என்னத்தை எடுப்பியள்?"
பொம்மை, என்றாள் தர்ஷாயினி.
குடும்பப் படம். கைப்பேசி. பூனை.
"கேஸ் தோங்," என்றான் யுகேந்திரன்.
யாரோ சிரித்தார்கள்.
"லயன் வீட்ட உடைக்க புல்டோசர் வந்தப்ப
அம்மா அதத்தான் உருட்டிட்டு வந்தாங்க.
பாத்திரமெல்லாம் என் தலையில.
புது கேஸ் டீச்சர், முந்தாநாள்தான் வாங்குனது."

சாம்பவி சிரிக்கவில்லை.
"இவன் நடிக்கட்டும்," என்றாள்.

தர்ஷாயினி சிப்பாய் ஆனாள்.
அவள் அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினார்.
அட்டைத் துப்பாக்கி அந்தக் கையில்
நான் பயப்படும் அளவுக்குப் பொருந்தியது.

உனக்கு?
"ஐஸ்கிரீம்காரர்."
என் கதையில் அப்படி யாரும் இல்லையே.
"இருந்தவர். முகாம் கம்பிக்கு வெளியால
மணி அடிச்சுக்கொண்டு.
எங்களிட்டக் காசில்லை.
எண்டாலும் வந்தவர்."

போட்டிப் பாரத்தில்
அடையாள அட்டை எண் இல்லாத பெயர் ஏறாது.
அதனால் திரைக்குப் பின்னால் நின்றாள்,
கையில் ஒரு மணியோடு.

ஆறுதல் பரிசு கிடைத்தது.
'பிள்ளை பாத்திரத்தில் பரிதாபம் போதவில்லை'
என்று நடுவர் ஒருவர் குறிப்பெழுதினார்.
அழகான கையெழுத்து.

அது பிறகு.
யுகேந்திரன் காலித் தோங்கை உருட்டிக்கொண்டு
வாய் திறக்காமல் மேடையைக் கடந்தான்.
பலகை முழுக்க அதன் இரும்புச் சத்தம்.
அது ஓய்ந்த இடத்தில்
மணி அடித்தது.

முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள்
மேடையை விட்டுவிட்டு
வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.
ஒருத்தி காசு கேட்டு
அம்மாவின் பையை இழுத்தாள்.